மொட்டை மலையின் மதிய வோல்டேஜ்

மார்ச் 3

இன்று அலுவலகத்தில் தங்கை செய்த புதுக் கணினித் திரையைத் திறந்து வைத்தார்கள். மின்கம்பி போகாத மலைகளில் நிற்கும் எங்கள் செல்போன் கோபுரங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், அதற்குள் அதன் பேட்டரி வோல்டேஜ். நன்றாக இருந்தால் பச்சை, இறங்கினால் சிவப்பு. மூன்று வருடமாக நான் இதையே வெறும் எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதில்லை. இன்று அவள் நாற்காலிக்குப் பின்னால் மேலாளரே நின்றார். "உங்க தங்கச்சி கெட்டிக்காரிதான்."

சிரித்தேன். அவளை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.

மார்ச் 4

"பாரு, உனக்குப் பின்னாடி வந்தவ," என்றாள் அம்மா. மீதியைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா மீதி.

மார்ச் 9

எங்கள் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப் போகிறார்கள். நான்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும். இப்போது டீ குடிக்கும் இடத்தில் அவள் பேச்சாகவே இருக்கிறது.

நான் படித்த கதைகளில் பொறாமைப்பட்டவர்கள் விஷம் வைத்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். நான் அவளுடைய சீப்பை எடுத்து என் அலமாரியில் ஒளித்து வைத்தேன். அவள் தேடக்கூட இல்லை. கையால் கோதிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு.

மார்ச் 15

ஒன்று கண்டுபிடித்தேன்.

மலையில் உள்ள கருவி மணிக்கொரு தரம் விழித்து வோல்டேஜை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வேலையே பேட்டரியைத் தின்கிறது என்று தங்கை அதை நாளுக்கு ஒரு முறையாகக் குறைத்திருக்கிறாள். நல்ல யோசனை. ஆனால் நடுப்பகலில் வைத்துவிட்டாள். வெயிலில் சோலார் பலகை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சாகக் கிடக்கிற பேட்டரிகூடப் பதிமூன்றரை வோல்ட் காட்டும். இரவெல்லாம் கோபுரத்தைச் சுமந்தபின், விடிவதற்கு முன்னால் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும்.

மொட்டை மலைக் கருவியை மட்டும் இன்று விடியலில் நானே கேட்டுப் பார்த்தேன். பதினொன்று புள்ளி நான்கு; பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ஆபத்து. மதியம் அவள் திரையில் அதே மலை பச்சையாக.

மாலை சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். நான் சொல்லவில்லை.

மார்ச் 16

சொல்லவில்லை.

மார்ச் 18

மொட்டை மலை பதினொன்று புள்ளி இரண்டு. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கோபுரம் தானாக அணைந்துவிடும். அடிவாரத்து மருத்துவமனைக்கு வேறு சிக்னல் கிடையாது.

நாளை மறுநாள் கூட்டம். அங்கே சொல்வதா, இன்று சாப்பிடும்போது அவளிடம் சொல்வதா? கேட்டுக்கொள்வதே நடிப்பு. எங்கே சொல்வேன் என்று எனக்கு எப்போதோ தெரியும்.

மார்ச் 20

எல்லார் முன்னாலும் சொன்னேன். "மத்தியானம் பாத்தா எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான்." யாரோ சிரித்தார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் திரையைப் பார்த்தாள். "அக்கா சொல்றது சரி. நான்தான் யோசிக்கல." அவ்வளவுதான். அழுவாள், கொடுக்கலாம் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். எடுத்துப் போயிருக்கிறேனே — என்ன ஜென்மம் நான்.

வீட்டுக்கு வரும்போது ஒரே கேள்வி. "எப்ப இருந்துக்கா தெரியும்?" நான் வாயைத் திறப்பதற்குள், "சரி, விடு," என்று சொல்லி முன்னால் நடந்துவிட்டாள்.

மார்ச் 28

மொட்டை மலைக்குப் புது பேட்டரிகள் போகின்றன. கூடப் போய் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையைத் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு மாதம். "சின்னவளை மலைக்குத் துரத்திட்டு நீ ஜம்முனு உக்காந்துக்கோ," என்றாள் அம்மா.

துணி மடித்துத் தரப் போனேன். "வேணாம், நான் பாத்துக்கறேன்." அக்கா என்ற சொல் அதில் இல்லை.

ஏப்ரல் 1

பொறுப்பாளர் நான்தான். கை கொடுத்தார்கள்.

ஏப்ரல் 17

மொட்டை மலை, விடியலில் பன்னிரண்டு புள்ளி ஐந்து. சரிபார்க்க மலைக்குப் போன் செய்தேன். செய்தாக வேண்டியதில்லை.

"ரீடிங் சரிதான், மேடம்."

"ஒழுங்கா சாப்பிடறியாடி?"

"பலகையோட ரீடிங்கும் சொல்லிடட்டுமா, மேடம்?"

சொன்னாள். எழுதிக்கொண்டேன். அவள் போனை வைப்பதற்குள் பின்னாலிருந்து அங்கே அவளோடு வேலை பார்க்கும் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "ஏ வாலு, டீ ஆறுது பாரு." அவள் சிரித்தாள். மூக்கில் தொடங்கி விக்கலில் முடிகிற அந்தச் சிரிப்பு.

வாலு என்பது சின்ன வயதில் நான் அவளுக்கு வைத்த பெயர். முகம்கூடப் பார்த்திராத அந்த ஆளுக்கு அதை யார் சொன்னது?