மீன் ஏணி

மார்ச் 4
ஓடைத் தடுப்பணையை இடிக்கவில்லையாம். ஓரமாகக் கல் அடுக்கி மீனுக்கு வழி விடுகிறார்களாம். ஓடையைச் சீரமைக்க வந்த பொறியாளர் யாழினி வீட்டுக்கே வந்து சொன்னாள். "புதுத்தண்ணி வந்தா காவேரி மீனு முட்டை போட மேல ஏறுமுங்க. அணை மறிச்சிருது. அதுக்குத்தான் மீன் ஏணி."

எங்களுக்கா தெரியாது? போன ஐப்பசி வெள்ளத்தில், ஏற வழியில்லாமல் அணைக்கடியில் குவிந்த கெண்டைக்கு வலை வீசத்தான் என் வீட்டுக்காரர் அறிவு ஓடையில் இறங்கினார். தண்ணீர் இழுத்துக்கொண்டது. காவேரியில் ஜேடர்பாளையம் வரை தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

மார்ச் 5
அவரைப் பெற்ற அத்தை காதில் 'ஏணி' மட்டும்தான் விழுந்திருக்கிறது. "ஏணி வெச்சா அறிவு ஏறி ஊட்டுக்கு வந்துருவான்ல, சாமி?"

மீனுக்கு அத்தை, மீனுக்கு! — கத்திவிட்டேன்.

ஏப்ரல் 20
கருமாதி என்றாலே அத்தை எழுந்து போகிறார். "உடம்பே கெடைக்கல. ஆரு கருமாதி பண்ணுவாங்க?" ராத்திரி நான் கதவைத் தாழ் போட்டால் அவர் எடுத்துவிடுகிறார், மகன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். தாலியோடு இருந்தாலும் ஊர் பேசுகிறது, கழற்றினாலும் பேசும். எனக்கு இது முடிய வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 9
ஏணி முடிந்தது. படிப்படியாகக் கல் தொட்டிகள். அடிப்படியில் அத்தை மகன் சட்டையை மடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். நனைந்து வருபவனுக்கு மாற்றுச் சட்டை வேண்டாமா என்கிறார். கிறுக்குத்தனம். போய் எடுத்து வந்து துவைத்துப் போட்டேன்.

ஏன் துவைத்தேன்?

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போகவில்லை. வாசலில் ஈரக்கால் சத்தம். நாய்தான்.

அக்டோபர் 22
விடாத மழை. ஓடை செந்நிறமாய் ஓடுகிறது. காலையில் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். தொட்டிக்குத் தொட்டி துள்ளிச் சினைக்கெண்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. யாழினி குடையைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். அத்தை கடைசித் தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மீனுதான் வருது, சாமி," என்றார். "மீனு மட்டுந்தான்."

வீட்டு வாசலில், "கருமாதிக்கு நாள் பாரு," என்றார்.

அக்டோபர் 23
இன்று அத்தையே கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தார். நான் கேட்டது நடந்துவிட்டது. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?

மீனுக்கே வழி திறந்தாயிற்று.

எழுந்து போய்த் தாழை எடுத்துவிட்டேன். சட்டையைக் கதவோரம் மடித்து வைத்திருக்கிறேன்.