பச்சை கேட்டால்

ஜூன் 11, புதன்

காலையிலேயே அனல். தபால் வழி உளவியல் படிப்பு, ஐந்தாம் பாடம்: கண்ணால் காண்பது. பரீட்சை செவ்வாய்க்கிழமை. மனப்பாடம் செய்ய வேண்டியவை: குருட்டுப் புள்ளி. பின்பிம்பம். நிற மாறாமை (சாயங்கால வெளிச்சத்திலும் தக்காளி சிவப்பாகவே தெரிவது). இன்னும் ஆறு. எழுதக் கை வரவில்லை.

இவரை உட்கார வைத்துக் குருட்டுப் புள்ளி சோதனை. காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி, ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடி, குறியையே பார்த்தபடி காகிதத்தை மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். "ஏய் சுதா, புள்ளி காணாமப் பூடுச்சு!" ஒரே கைதட்டல்.

திங்கள் முதல் இவருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குவதிலிருந்து ரகம் பிரிக்கும் வேலைக்கு மாற்றம். பச்சைப் பூச்சாடி ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். உட்கார்ந்து செய்யும் வேலை. எனக்குச் சந்தோஷம். இவர் ஏனோ பேச்சை மாற்றிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

பால் இரண்டு பாக்கெட். பின்பிம்பம்: பச்சையை உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இளஞ்சிவப்பு தெரியுமாம். "பச்சைப் பூச்சாடி ஒண்ணு கேட்டு எடுத்துட்டு வாங்க" என்றிருந்தேன். தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது சுடாத மண் சாடி! "நீதான பச்ச கேட்ட?" கம்பெனியில் சுடாததற்குப் பெயர் பச்சை. சிரித்துச் சிரித்து வயிற்றுவலி.

ஜூன் 13, வெள்ளி

தூறல். "சுட்டது, பச்சைக் கலரு" என்று விளக்கி அனுப்பியும் வந்தது பழுப்புச் சாடி. கிண்டல் என்று நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை. புத்தகத்தில், கலர்ப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படத்தை நீட்டினேன். எனக்கு எட்டு. இவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்பரு எங்க இருக்குது?"

எழுந்து குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய் உட்கார்ந்தேன். சின்ன வயதிலிருந்தே பச்சையும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியுமாம். "சூளைக்குப் போறதுக்கு முன்னாடி பளபளப்புக்குக் கிளேஸ் பூசினதெல்லாம் ஒரே சாம்பலாட்டம்தான் இருக்கும் சுதா, எல்லாருக்குமே. அங்க நானும் மத்தவங்க மாதிரிதான்." திங்கட்கிழமை மாட்டிக்கொள்வோம், இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயம். யாரிடமும் சொல்லக்கூடாதாம்.

ஜூன் 14, சனி

கோபம். பதினோரு வருடம் மறைத்திருக்கிறார். தோசை கருகியது.

அப்புறம் காபித்தூள் புடவை ஞாபகம். கல்யாணமான புதிதில் பச்சைப் புடவை கேட்டேன். தனியாகப் போய் ஆசையாக வாங்கி வந்தது காபித்தூள் கலர். ஒரு தடவைதான் கட்டினேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான்: "இவருக்கு ரசனையே கெடையாது." கூடச் சேர்ந்து இவரும் சிரிப்பார். என் வாயைத் தைக்க வேண்டும்.

"தெரிஞ்சேதான் சிரிச்சீங்களா?"

"நீ சிரிச்சா வூடே நல்லாருக்கும்ல."

அழுதுவிட்டேன். முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்தாயிற்று. படித்தது எதுவும் ஏறவில்லை. ஆறு மணிக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சொல்லிட்டன்."

முதலாளி சொன்னாராம்: "இதுக்கா ஒனக்கு இப்படி வேர்க்குது? கலர வேற ஆளு பாக்கட்டும். நீ தட்டிப் பாத்து விரிசல் உள்ளதப் பிரி." சத்தத்திலேயே விரிசல் கண்டுபிடிப்பாராம் இவர். எனக்கே தெரியாது. கரண்டியால் வீட்டு டீ கப்புகளை எல்லாம் தட்டிக் காட்டினார். எனக்குப் பிடித்த கப்பில் விரிசல்.

நாளை பரீட்சை. காபித்தூள் புடவைக்கு இஸ்திரி போட்டாயிற்று. யாராவது என்ன கலர் என்று கேட்டால், பச்சை என்பேன்.