பையிலிருந்து நான் எடுத்த மாத்திரை டப்பா

நெய்வேலி
4.7.2021

அன்புள்ள செந்தில்நாதனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், தோகாவில் நீ சுகமாக இருக்க வேண்டும். அக்கா காயத்ரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு நாள் ஆகிறது. இந்தச் சின்னக் குவார்ட்டர்ஸில் ஹாலிலிருந்து சமையல்கட்டுக்குப் போவதற்குள் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். போனில் என்றால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்குக் கொரோனா என்று தெரிந்த அன்று, "எச்ஐவி விஷயத்த அங்க சொல்லிடாதீங்கப்பா, வார்டு பூரா உங்க கூட மைன்ஸ்ல வேல பாக்குற ஆளுங்க, நாளைக்கு எனக்கு யாரு பொண்ணு குடுப்பா" என்றாய். புருஷன் தந்துவிட்டுப் போன நோய்க்கு ஆறு வருஷமாக ஒருவேளை தவறாமல் மாத்திரை போட்டவள் அவள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவள் துணிப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துப் பீரோவில் பூட்டினேன். வேறு வியாதி உண்டா என்று டாக்டர் கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் இல்லை என்றேன். வார்டுக்குள் போனவள், "டப்பாவக் காணோம்பா, யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க" என்று போனில் கெஞ்சினாள். ரெண்டு நாள் பொறும்மா என்றேன். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைத்தார்கள். பேச முடியாமல் தன் நோயை ஒரு தாளில் எழுதி, அவளேதான் நர்ஸிடம் காட்டினாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "மாத்திரைய ஒழுங்கா போடுறவங்க பெரும்பாலும் மத்தவங்க மாதிரியே தேறிடுறாங்கங்க. நிறுத்துனா எதிர்ப்புசக்தி கொறஞ்சிடும். எதுவும் தெரியாம நாங்க என்னன்னு மருந்து குடுக்கறது" என்றார். நான் மறைத்ததால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இனி காலம் தள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், "செத்திருந்தா கொரோனான்னு சொல்லி கௌரவமா எரிச்சிருப்பீங்க இல்லப்பா" என்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

ஆவணியில் பெண் வீட்டார் வரும்போது அக்காவைச் சித்தி வீட்டில் விடச் சொல்லியிருக்கிறாய். விட மாட்டேன். ஹாலில் என் பக்கத்தில் உட்காருவாள். யார் எதைக் கேட்டாலும் அவள் என்ன சொல்கிறாளோ அதைத்தான் நானும் சொல்வேன்.

எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு, நன்றாக இரு. தடுப்பூசி போட்டுக்கொள்ள மறக்காதே. அக்கா எப்படி இருக்கிறாள் என்று இனி என்னிடம் கேட்காதே, அவளுக்குப் போன் பண்ணி அவளிடமே கேள்.

உன் பேச்சைக் கேட்ட அப்பா,
சோமசுந்தரம்