கன்னத்து மங்கு

சேசு மரி சூசை துணை

டெல்லி, மார்ச் 1982

அன்புள்ள அம்மாவுக்கு லூர்துராணி எழுதுவது. நர்ஸ் வேலை பழகிவிட்டது, சுகமாக இருக்கிறேன். பொன்மலையில் நீங்களும் என் குழந்தை அக்னஸும் சுகந்தானே?

“முகத்துல மங்கு போச்சாடி?” என்று கேட்டிருந்தீர்கள். தோல் டாக்டரிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லையாம். பிள்ளை உண்டானபோது வந்தது, வெயில் பட்டுக் கறுக்கிறதாம். களிம்பு தந்தார். இனி மங்குக்கு இழைத்துப் பூச ஜாதிக்காய் அனுப்பாதீர்கள், பருப்புப்பொடி அனுப்புங்கள்.

விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் கண்ணாடி பார்த்தால், மலைக்கோட்டை உச்சியிலிருந்து தெரியும் ஸ்ரீரங்கம் மாதிரி என் கன்னத்தில் ஒரு தீவு மிதக்கிறது. பால் குடிக்கும்போது அக்னஸ் அந்தத் தீவைத்தான் விரலால் தடவிக்கொண்டே தூங்கிப்போவாள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. களிம்பை இன்னும் திறக்கவில்லை அம்மா. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவள் தொட்டுப் பார்த்து என்னைத் தெரிந்துகொள்ளும் வரை அந்தத் தீவு இருக்கட்டும்.