பிரிந்த பெல்ட்டில் என் நூல்

புதன்கிழமை, இரவு.

அந்த பெல்ட்டை நான் தைத்திருக்கக் கூடாது. லாரியில் கன்டெய்னரை இறுக்கிக் கட்டுகிற பெல்ட் இழை பிரிந்துவிட்டால் தூக்கித்தான் போட வேண்டும். சீட் கவர் தைக்கிற எனக்கே அது தெரியும். டிரைவர் செல்வம், "நீங்க தைச்சா பிரியவே பிரியாதுக்கா" என்றார். அந்தப் பேச்சில் மயங்கிவிட்டேன்.

சாயங்காலம் என் கடையைத் தாண்டி அந்த லாரி போனது. பெல்ட்டில் என் சிவப்பு நூல் தெரிந்தது. அதன் பின்னாலேயே குன்னம் பஸ், ஜன்னலெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். நான் கத்தி நிறுத்தவில்லை.

அதன்பின் சோறு இறங்கவில்லை. இப்போதுதான் செல்வம் அரியலூரிலிருந்து போன் செய்தார். "சரக்கு எறக்கியாச்சுக்கா. பெல்ட் கல்லு மாதிரி நின்னுச்சு. இன்னும் ரெண்டு பிரிஞ்சு கெடக்கு, காலையில கொண்டாரேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கொண்டாங்க" என்று வந்தது.