எங்கள் வீட்டுச் சீதன உறுதியில் இருந்த பெயர்

முந்தநாள் பரமட்டாவில் ஒரு வழக்கறிஞரின் கந்தோருக்கு உயில் எழுதப் போயிருந்தேன். “அன்ரி, உங்கட பெயரில என்னென்ன இருக்கு? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ” என்றாள் அந்தப் பிள்ளை. வீடு, கார், நாலு காப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் கணினியில் தட்டிய சத்தத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். ஐம்பது வருடத்துக்கு முன் இதே ஊரில் என் சிநேகிதி நீர் வாசிக்க நான் தட்டினேனே, செத்துப்போன யார் யாரோ எழுதிய உயில்களை. “தண்ணி வேணுமோ அன்ரி?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எழுபத்து மூன்றில் நாங்கள் இருவரும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் தாதி. நீர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே முதுகலைக்கு ஆய்வு எழுதினீர். பரமட்டா முழுக்கச் சல்லடை போட்டாலும் தமிழ் கதைக்க எனக்கு வேறு ஆளில்லை. யாழ்ப்பாணத்தில், ஊரில் என்றால் உம்முடைய ஆட்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது. எங்கள் வீட்டுக் குசினிக்குள் நீர் கால் வைத்திருக்கவும் மாட்டீர். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே குசினி, ஒரே சட்டி. நீர் சம்பலுக்கு உறைப்பை அள்ளிக் கொட்டுவீர். நான் ஏசிக்கொண்டே இரண்டாம் தரம் போட்டுத் தின்பேன்.

உம்முடைய ஆய்வு, அமெரிக்காவின் தென்பகுதியில் உள்நாட்டுப் போருக்கு முன் குடும்பச் சொத்து எப்படிக் கைமாறியது என்பதைப் பற்றியது. எனக்குத் தட்டெழுத்து வரும். ஞாயிறு மத்தியானங்களில் நீர் உயில்களின் பிரதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வாசிப்பீர், நடுவில் தமிழிலும் சொல்லுவீர். “மூத்தவனுக்குத் தோட்டம். மகளுக்கு இறகு மெத்தை ஒண்டு, பசு ரெண்டு, ஒரு அடிமைப் பெட்டை, அவளுக்கு இனிப் பிறக்கிற பிள்ளையளும்.”

“ஏன், மகளுக்குக் காணி குடுக்கமாட்டினமோ?” என்று கேட்டேன்.

“மகள் கலியாணம் கட்டித் தூரத்துக்குப் போயிடுவாள். காணியைத் தூக்கிக்கொண்டு போகேலாது. ஆள் நடந்து போகும்” என்றீர்.

உயில் எழுதாமல் செத்தால் ஆட்களுக்கு விலை போட்டு, சமபங்காகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி எடுப்பதும் உண்டாம். தாய் ஒரு மகனுக்கு விழுவாள், அவள் பிள்ளை வேறொருவனுக்கு. “சீ, என்ன மனிசர்” என்றேன் நான், ஏதோ நாங்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் மாதிரி.

நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். “எங்கட பக்கத்தில மட்டும் என்னவாம்? எங்கட அம்மம்மாவின்ர அம்மம்மா உங்கட வீட்டுக்கு வந்த பொம்பிளையோட சீதனமா வந்தவ. சின்னப் பிள்ளையாம். பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட வீட்டுப் பழைய சீதன உறுதிப் பத்திரத்தில இருக்கும். உங்கட அப்பாவுக்கு ஒருக்கா எழுதிக் கேளுமன். எங்கட அம்மாவுக்குச் சுகமில்லை. அவ இருக்கேக்க சொல்லவேணும்.”

உடனே எழுதினேன். அது மட்டும் உண்மை. அப்பா தன் மணியான கையெழுத்தில் முழு உறுதியையும் பிரதி பண்ணி அனுப்பினார். வேலைக்குப் போகிற வழியில், ரயில் மேடையில் நின்று பிரித்தேன். காணி, பனை, தாலிக்கொடி, வெண்கலப் பானை எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு வரி: “நன்னி என்னும் சிறுமி, வயது எட்டு, இவள் வயிற்றில் பிறப்பனவும்.” இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். பிறப்பனவற்றில் ஒருத்தி நீர். அன்று காலையில் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்து அனுப்பியவள்.

பின்னேரம் நீர் கேட்டீர், அப்பா எழுதினாரோ என்று. “ஓம், எழுதினவர். கறையான் அரிச்சுப்போட்டுதாம்” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வீட்டு மானம் காரணம் என்று பல வருடம் என்னையே ஏமாற்றினேன். அது பாதிதான். மறு பாதி பயம். இந்த வரியைப் பார்த்தால் நீர் என்னோடு இருக்கமாட்டீர், அந்த இரண்டு அறைக்குள் நான் தனியே கிடப்பேன் என்ற பயம்.

என் முகத்தைப் பார்த்து, “கறையானும் பார்த்துத்தான் அரிக்குது, என்ன?” என்றீர். பிறகு அரிசி கழுவப் போனீர்.

அடுத்த ஞாயிறு கடைசி அத்தியாயம் தட்டினோம். யாழ்ப்பாணத்தைப் பற்றிய அடிக்குறிப்பில், சீதனத்தோடு கொடுக்கப்பட்ட ஒரு சிறுமி, பெயர் தெரியாது, என்று நீர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கடிதம் என் கோட்டுப் பைக்குள் கிடந்தது. ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை.

உமக்கு மெல்பேணில் வேலை கிடைத்தது. நான் எதற்குப் பயந்தேனோ அது எப்படியும் வந்து சேர்ந்தது. நீர் புறப்பட்டுப்போன கிழமை இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டினேன். அடுத்த வருடம் உம்முடைய அம்மா பெயர் தெரியாமலே கண்ணை மூடினா. தீபாவளிக்குத் தீபாவளி தொலைபேசியில் கதைப்போம். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் எடுப்பேன். குளிரைப் பற்றியும் முட்டுவலியைப் பற்றியும் கதைத்துவிட்டு வைப்பேன். போன ஆவணியில் நீரும் போய்விட்டீர். செத்த வீட்டுக்கு வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

“வேற ஏதும் இருக்கோ அன்ரி?” என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, ஒரு பழைய கடிதம் இருக்கிறது, மெல்பேணில் ஒரு சிநேகிதியின் மகளுக்குச் சேரவேண்டும் என்றேன். “அப்ப அதையும் உயிலில போடுவம்” என்றாள். சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டார் எழுதுகிற சொத்துப் பத்திரத்தில் நன்னி இன்னொரு தரமா? “வேண்டாம் பிள்ளை, அதை நான் இருக்கேக்கயே குடுத்திடுறன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து மெல்பேணில் ட்ருகனினாவில் இருக்கும் உம்முடைய மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். அவள் “நன்னி, நன்னி” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. “அம்மா இதைத் தேடாத இடமில்லை அன்ரி. உங்களுக்கு எப்ப கிடைச்சது?”

பொய் ஒன்று தயாராகத்தான் வந்தது. விழுங்கினேன். “எழுபத்து மூண்டில” என்றேன்.

“அப்ப அம்மா உங்களோடதானே இருந்தவ?”

“ஓம்.”

“தாங்ஸ் அன்ரி” என்று வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை. இரண்டு நாளாக அந்தத் தாங்ஸ்தான் என்னோடு இருக்கிறது. அவள் என்னை ஏசியிருக்கலாம். அவளுக்கு உம்முடைய குரல். ஏசியிருந்தால் உம்மிடமே ஏச்சு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பேன்.