வியாழக்கிழமை ஊசி

மார்ச் 14, 2018, புதன்

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறை. சமுதாயக் கல்லூரியின் நர்சிங் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மிஸஸ் ஆப்பிள்கேட் உறையை வாங்கி முத்திரை குத்தி, "நல்லபடியா நடக்கட்டும்" என்றாள். போன வருடமும் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின வருடமும். நல்லபடியாகத்தான் நடந்தது, வேறு யாருக்கோ.

இடம் நாற்பது. விண்ணப்பம் முந்நூற்றுச் சொச்சம். மதிப்பெண்ணுக்கு இவ்வளவு புள்ளி, நுழைவுத் தேர்வுக்கு இவ்வளவு புள்ளி என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம் உதவியாளாக மனிதர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்ததற்கும் புள்ளி உண்டு. இரண்டு. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் ஒழுங்காகப் படித்திருந்தால் மூன்று கிடைத்திருக்கும். ஒஹாயோ ஆற்றங்கரையில் இந்தச் சின்ன ஊரில் நான் யாரோடு ஸ்பானிஷ் பேசியிருப்பேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதுவே கடைசி முறை. உடற்கூறு வகுப்பில் நான் வாங்கிய 'ஏ' இந்த டிசம்பரில் காலாவதியாகிறது. ஐந்து வருடம்தான் செல்லுமாம். அதற்குமேல் மனித உடம்பில் எலும்புகள் இடம் மாறி உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இருநூற்றாறு எலும்பையும் மனப்பாடம் செய்தவள் நான். இன்னொரு முறை அதைச் செய்ய என்னால் முடியாது. முப்பத்தொன்பது வயது ஆகிறது.

மார்ச் 15

வேலையில் யாருக்கும் சொல்லவில்லை. முதல் முறை சொன்னேன். கேக் வாங்கிவந்து "வாழ்த்துகள் லோர்னா" என்று நீல கிரீமில் எழுதி வெட்டினார்கள். அந்தக் கேக்கின் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே 'வருந்துகிறோம்' கடிதம் வந்தது. நான்கு நாள் அந்தக் கேக்கைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

வந்துவிட்டது. கடிதத்தை என் மகள் டெஸ்ஸாதான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து முதலில் படித்தாள். பதினேழு வயதில் கண் நன்றாகத் தெரிகிறது.

காத்திருப்புப் பட்டியல். ஆறாவது இடம்.

"ஆறுன்னா நல்லதுதானேம்மா? போன தடவ பட்டியல்லயே இல்லயே நீ."

"ஆறு பேரு சாகணும், டெஸ்ஸா."

"அம்மா."

"சரி, சாக வேணாம். ஆறு பேருக்கும் நல்ல இடத்துல கல்யாணம் ஆகி ஃப்ளோரிடா போகட்டும்."

மே 9

கெண்ட்ரா முல்லின்ஸ் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஷிஃப்டின் தலைமை நர்ஸ். போன வருடம்தான் வந்தாள். வயது இருபத்தொன்பது, என்னைக் கூப்பிடுவது "கண்ணு".

காலையில் ஒன்பதாம் அறைக்காரரின் குதிகால் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிவப்பு போகவில்லை. படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது. போய்ச் சொன்னேன்.

"கண்ணு, அத முடிவு பண்றது நர்ஸோட வேல. நீ படுக்கைய மாத்திட்டியா?"

மத்தியானம் அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். குதிகாலில் சிவப்பு, அழுத்தினால் மறையவில்லை, கண்டறிந்தவர் கே. முல்லின்ஸ். என்ன கூர்மையான பார்வை. பத்தாம் அறை வாசலில் நின்றபடியே கண்டறிந்துவிட்டாள்.

எனக்கு எரிகிறது. அவள் மேல் என்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை வேண்டும். அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

ஜூன் 30

மூன்றாவது இடம். மூன்று புண்ணியவான்கள் விலகியிருக்கிறார்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், இந்த ஊரில் மட்டும் வேண்டாம்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"லோர்னா பிளெவின்ஸ் தானே? ஒரு இடம் காலியாயிருக்கு. உங்களுக்கு வேணுமா?"

மிஸஸ் ஆப்பிள்கேட். வேணுமா என்கிறாள். பல் டாக்டரிடம் நேரம் மாற்றித் தருகிற மாதிரி.

"வேணும்."

"அப்ப திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள எல்லாச் சான்றும் எங்கிட்ட வந்துடணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவேன். புரியுதுங்களா?"

புரிந்தது. போனை வைத்துவிட்டு அந்தப் போர்வைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கிடைச்சிருச்சு. எனக்கு. லோர்னாவுக்கு. கிடைச்சிருச்சு.

பிறகு இரண்டாம் அறையில் மணி அடித்தது. படுக்கைச் சட்டி வேண்டுமாம்.

ஆகஸ்ட் 8

சான்றுகள் கேட்டிருப்பதைப் பார்த்தால் என்னை விண்வெளிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தோன்றுகிறது. கைரேகை, தடுப்பூசிகள், இதய முதலுதவிப் பயிற்சி அட்டை. எல்லாம் வேலைக்காக ஏற்கெனவே எடுத்தது. இல்லாதது ஒன்றுதான், காசநோய்த் தோல் பரிசோதனை. இல்லத்தில் போட்டது போன ஜூலை, ஒரு வருடம் தாண்டிவிட்டது. இல்லத்திலேயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஊசி போடுவது கெண்ட்ரா. எதுக்கு கண்ணு, என்பாள். வேண்டாம், கையில் சான்று வந்து, சீருடை வாங்கி, வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு எல்லாருக்கும் தெரிந்தால் போதும். நாளை எனக்கு விடுமுறை, வெளியே போட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

கடைத்தெரு கிளினிக்கில் ஊசி போட்டாயிற்று. சரியாக மூன்று பத்துக்கு. முழங்கைக்குக் கீழே சின்னக் கொப்புளம், கொசு கடித்த மாதிரி. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது. டெஸ்ஸாவும் நானும் பீட்சா சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

நான் ஒரு முட்டாள்.

மதியம் ஓய்வறையில் காபி இயந்திரத்துக்கு முன்னால் நின்றேன். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வருடக்கணக்காக ஒட்டியிருக்கிறது. "வியாழக்கிழமை காசநோய் ஊசி போடக் கூடாது!!!" மூன்று ஆச்சரியக்குறி. சிவப்பு மை. என் கையெழுத்து.

ஊசி போட்டு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நர்ஸ் அந்த இடத்தைத் தொட்டு அளந்து கையெழுத்துப் போட வேண்டும். தாண்டிவிட்டால் செல்லாது, முதலிலிருந்து போட வேண்டும். வியாழன் போட்டால் சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், கிளினிக் எல்லாம் மூடியிருக்கும். எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவளுக்குக்கூட இது தெரியும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருத்தியையும் அந்தத் தாளுக்கு முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். "சனி ஞாயிறு லீவு, மேடம். திங்கட்கிழமை காலைல வாங்க." திங்கட்கிழமை காலையில் வந்து என் கையைப் பார்த்து சேர்ந்து அழலாம். ரத்தப் பரிசோதனை செய்யலாமா? முடிவு வர ஐந்து நாள். மிஸஸ் ஆப்பிள்கேட்டிடம் கெஞ்சினேன்.

"திங்க பன்னிரண்டு மணி, லோர்னா. பன்னிரண்டு அஞ்சுக்கு அடுத்த ஆளுக்குப் போன் போடுவேன். அவங்களும் ரெண்டு வருஷமா காத்திருக்காங்க."

ஏன்டி போய் வியாழக்கிழமை போட்ட? மூணு வருஷம் நாயாப் படிச்சிட்டு, எவகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வீம்பு புடிச்சு — இப்ப என்ன பண்ணப் போற?

ஆகஸ்ட் 11, சனி

மருந்துக்கடை கிளினிக்: "நாங்க போட்ட ஊசியத்தான் நாங்க பாப்போம்." அடுத்த ஊர் கிளினிக்: அதே பாட்டு. மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்தவர் என் கையைப் பார்த்து, இது அவசரமா என்று கேட்டார். என் வாழ்நாளிலேயே பெரிய அவசரம் என்றேன். உட்காரச் சொன்னார். மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

இந்த ஊரில் இந்த சனி ஞாயிறு பணியில் இருக்கும், எனக்குத் தெரிந்த ஒரே நர்ஸ் யார்?

டெஸ்ஸா சொல்லிவிட்டாள். "அவகிட்டயே போய்க் கேளேன்மா. அதிகமாப் போனா சிரிப்பா. சிரிச்சுட்டுப் போறா."

சிரிப்பது மட்டும் என்றால் பரவாயில்லை. அவள் மாட்டேன் என்றால்? நான் படிக்கப் போய்விட்டால் என்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியுமே.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மதியம் இரண்டே காலுக்குப் போனேன். சீருடை இல்லாமல், கையில் சான்றுத் தாள். கெண்ட்ரா மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுக்கும் நர்ஸை நடுவில் பேச்சு கொடுத்து நிறுத்தக் கூடாது. அந்த விதியையும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

சுவரோரமாக நின்றேன். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு உனக்கு ட்யூட்டி இல்லயே."

"முடிச்சுட்டு வா. காத்திருக்கேன்."

இன்னும் பதினொரு அறை. ஒருவர் மாத்திரையைத் துப்பினார். இன்னொருவருக்கு ஆப்பிள் கூழில் கலந்து கொடுத்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று பத்து ஆகிவிட்டால் என் எழுபத்திரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வண்டியைப் பூட்டிவிட்டு வந்தாள்.

சட்டைக் கையை ஏற்றிக் காட்டினேன். தாளை நீட்டினேன். படித்தாள். கல்லூரியின் பெயரில் ஒரு முறை நின்றாள், தேதியில் இன்னொரு முறை.

"வியாழக்கிழமையா?"

"ஆமா."

"லோர்னா. வியாழக்கிழமையா?"

"ஆமான்னு சொல்றேன்ல."

"உள்ள அந்தத் தாள எழுதி ஒட்டினது யாரு?"

"நான்தான். போதுமா?"

சிரித்தாள். நான் எதிர்பார்த்த சிரிப்பேதான். மூக்கால் ஒரு சத்தம், பிறகு வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க. நின்று வாங்கிக்கொண்டேன். பிறகு என் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்தாள். கொப்புளம் இருந்த இடத்தில் விரலை வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள். பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள். வேலையைத் தெரிந்தவள். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"எத்தன தடவ அப்ளை பண்ண?"

"மூணு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

யோசித்தாள். "சிரிச்சிருப்பேன்" என்றாள். "இப்ப எனக்கு இந்த நடைபாதைக்கு ஆள் யாரு? நீ போனா ரெண்டு பேர போடணும். ரெண்டு பேரும் ஒரு மாசத்துல ஓடிடுவாங்க." பேசிக்கொண்டே எழுதினாள். வீக்கம்: பூஜ்யம், காசநோய் இல்லை. நேரம்: பிற்பகல் மூன்று நான்கு. உரிம எண். கையெழுத்து. என்னிடம் கொடுக்காமல் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குதிகால நீதான் கண்டுபுடிச்ச. நான் என் பேரப் போட்டுக்கிட்டேன்."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்று தாளை நீட்டினாள். "போ. நாளைக்குக் காலைல முதல் ஆளாப் போய்க் குடு. எவளையும் நம்பி மெயில் கியில் அனுப்பாத."

மன்னிப்புக் கேட்டாளா, இல்லையா? கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. கார் வரைக்கும் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னேன். சரி சரி என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, திங்கள்

எட்டு மணிக்குக் கொடுத்தேன். மிஸஸ் ஆப்பிள்கேட் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து, முத்திரை குத்தி, முதல் முறையாக வேறு ஒன்று சொன்னாள். "இருபதாம் தேதி, காலைல ஏழரை மணி. தாமதமா வராதீங்க."

செப்டம்பர் 5

இன்று இரண்டு மணி நேரம் கை கழுவக் கற்றுக்கொண்டேன். நாளைக்குக் கட்டிலில் விரிப்பு போடுவது எப்படி என்று பாடம். ஆவலாகக் காத்திருக்கிறேன்.

அக்டோபர் 2, செவ்வாய்

முதல் களப் பயிற்சி. மாணவிகளை முதலில் முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள். இந்த ஊரில் முதியோர் இல்லம் எத்தனை இருக்கிறது? ஒன்று. வெளிர்நீலச் சீருடையில் எட்டுப் பேர் வரிசையாக உள்ளே போனோம். இது நடைபாதை, இது உணவுக்கூடம் என்று ஆசிரியை எனக்குச் சுற்றிக் காட்டினாள்.

எனக்குப் பதினான்காம் அறை. வில்மா ஈபர்சோல் அம்மாள். தொண்ணூற்றொரு வயது, கண் மங்கல், காதில் பாதிதான் விழும். ஆறு வருடம் நான் குளிப்பாட்டிய அம்மாள். தண்ணீர் சூடு, தண்ணீர் ஆறிவிட்டது என்பதைத் தவிர இந்த ஆறு வருடத்தில் என்னிடம் அவர் வேறு எதுவும் பேசியதில்லை. ஆசிரியை பலகையும் பேனாவுமாகக் கால்மாட்டில் நின்றுகொண்டாள். முழுப் பெயரையும் சொல்ல வேண்டும், யார் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

"என் பேரு லோர்னா பிளெவின்ஸ். நர்சிங் படிக்கிறேன். இன்னிக்கு நான் உங்களக் குளிப்பாட்டி விடலாமா?"

அம்மாள் என் சீருடையையே பார்த்தார். பெயர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"எப்பவும் வர்றவ எங்க?"

"அவ வேலைய விட்டுட்டா."

"நல்ல வேலைக்காரி. என் இடுப்ப எப்படித் திருப்பணும்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும். வலிக்கவே வலிக்காது." பெருமூச்சு விட்டார். "நீ புதுசு. உனக்கு வர நாளாகும், பாவம். பாத்துச் செய்."

"பாத்துச் செய்றேன்" என்றேன்.

முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, எப்போதும் திருப்புவது போலவே திருப்பினேன். அம்மாள் தலையணையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆசிரியை தாளில் எதையோ எழுதிக்கொண்டாள். முடித்துவிட்டுத் துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், நன்றாகவே அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, குளிப்பாட்டிய குறிப்பில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.